நியாயமான காலத்துக்குள்

மார்ச் 3, திங்கள்

பிரஷர் நூற்று எழுபதுக்கு நூறு. கோபம் வந்தால் ஆளிடம் காட்டாமல் ஒரு நோட்டில் எழுதித் தொலையுங்கள் என்று டாக்டர் சொன்னார். 'தொலையுங்கள்' நான் சேர்த்தது. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். சரி, எழுதுகிறேன்.

முதல் கோபம் வாஷிங் மெஷின் மேல். தண்ணீரை வெளியே தள்ளமாட்டேன் என்கிறது. சனிக்கிழமை வருகிறேன் என்ற மெக்கானிக்கைக் காணோம். போர்வையைக் கையால் பிழிந்து தோள்பட்டை விண்விண் என்கிறது.

அடுத்தது பேப்பர் மேல். ஆறாம் பக்கத்தில் கால் பத்திச் செய்தி. சூலூருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில், போர்வெல் கம்ப்ரசருக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்த மெக்கானிக் சென்னியப்பன், வயது முப்பத்தெட்டு, "மோட்டார் தானாக ஓடியதில்" வலது கையில் மூன்று விரல்களை இழந்தார். தானாகவாம்! முப்பத்தொரு வருஷம் மோட்டார் கம்பெனி டிசைன் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு ரிட்டயர் ஆனவள் சொல்கிறேன், எந்த மோட்டாரும் தானாக ஓடாது. யாராவது ஓடச் சொன்னால்தான் ஓடும். எழுதின நிருபரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கலாம் என்றிருந்தது.

"அதே பக்கத்த எத்தன தடவ படிப்பே சாந்தா?" என்றார் இவர். இப்போதுதான் எடுத்தேன் என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

காலை ஏழரைக்கே கோவர்த்தனன் போன். பம்ப் தயாரிப்பாளர் சங்கத்தின் செயலாளர். காப்பி குடிக்கும் முன் போன் செய்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

"மேடம், பேப்பர் பாத்தீங்களா? அது நம்ம பெட்டிதானுங்க."

நம்ம பெட்டி என்பது மோட்டார் ரூமில் மாட்டுகிற ஸ்டார்ட்டர் பெட்டி. தோட்டக்காரர் போனில் பொத்தானை அமுக்கினால் கட்டளை சர்வருக்குப் போகும். சர்வர் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி மோட்டாரை ஓட்டும். சர்வர் நடத்துவது ஒரு பெரிய கம்பெனி. பெட்டி செய்வது கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள பத்துப் பதினைந்து சின்னப் பட்டறைகள். எல்லாம் ஒரே முறையில் பேசிக்கொள்ள வேண்டும் என்று சங்கம் மூன்று வருஷத்துக்கு முன் அறுபத்து நாலு பக்கத்துக்கு ஒரு விதிநூல் போட்டது. அந்தக் கமிட்டியில் நானும் இருந்தேன்.

நடந்தது இதுதான். தோட்டக்காரர் காலை எட்டு மணிக்குப் போனில் 'ஓடு' என்று அமுக்கியிருக்கிறார். அந்த நேரம் டவர் இல்லை. கட்டளை பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை. மோட்டார் ரிப்பேர் என்று நினைத்துச் சென்னியப்பனை வரச்சொன்னார். அவர் வந்து பார்த்து, பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு பத்துக்கு டவர் வந்தது. சர்வரில் கிடந்த எட்டு மணிக் கட்டளை கிளம்பி வந்தது. மோட்டார் ஓடியது.

நாலு மணி நேரப் பழைய கட்டளை! அதை எவன் இத்தனை நேரம் பத்திரப்படுத்தி வைக்கச் சொன்னான்?

"பீஸ் கட்டையப் புடுங்கிக் கரண்ட நிறுத்தாம எவனாச்சும் பெல்ட்டுல கைய வெப்பானுங்களா மேடம்?" என்று கோவர்த்தனன் கேட்டார். கேட்பார். கூலிக்குப் போகிற ஆள் என்றால் முதல் தப்பு அந்த ஆளுடையதாகத்தான் இருக்கும். வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

சங்க ஆபீசில் மீட்டிங். ஏசி ஓடவில்லை. பம்ப் செய்கிறவர்களின் சங்கத்தில் கழிவறைக்குத் தண்ணீரும் வரவில்லை. வெட்கக்கேடு.

எல்லாத் தகராறும் விதிநூல் முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரே வாக்கியத்தைப் பற்றியது. இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொன்னால்: நியாயமான காலத்துக்குள் சேராத கட்டளை கைவிடப்பட வேண்டும்.

சர்வர் கம்பெனி மேனேஜர் கையை விரித்தார். "கிராமத்துல டவர் போறதும் வர்றதுமாத்தான் இருக்கும். எங்களப் பொறுத்தவரைக்கும் நியாயமான காலம்னா ஒரு நாள். தப்புன்னா எங்க எழுதியிருக்குன்னு காட்டுங்க."

எதிரே பெட்டிக்கு மென்பொருள் எழுதின பெண் உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா. முப்பது, முப்பத்தொன்று இருக்கும். கணபதியில் ஒரு சின்னக் கம்பெனி. குரல் நடுங்கினாலும் விஷயம் நடுங்கவில்லை. "பெட்டிக்குள்ள கடிகாரமே கெடையாதுங்க சார். வர்ற கட்டளைய எப்ப அமுக்கினாங்கன்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்? பழசு ஆனா சர்வர்தான் கைவிடணும்னு நெனச்சோம்."

"நெனச்சோம்னா ஆச்சா?" என்றார் அவளுடைய முதலாளியே. அட மனுஷா, உன் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இப்படிப் பேசுவாயா?

கடைசியில் என் தலையில் கட்டினார்கள். "விதிநூலுக்கு எடிட்டரே நீங்கதானுங்க மேடம். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்னு நீங்க ஒரு அறிக்கை குடுத்தா யாரும் மறுக்க முடியாது." ஏப்ரல் ஒன்பதாம் தேதி விசாரணை. தப்பு பெட்டியுடையது என்று அறிக்கை வந்தால், முழுப் பொறுப்பும் என்னுடையதே என்று ஜெசிந்தா எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும். வேலை போவதோடு முடியாது.

எடிட்டர் என்றால் கமா, புள்ளி சரிபார்க்கிறவள். அதற்கு மேல் என்ன?

அந்தப் பெண் மீட்டிங் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று தெரியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

சாயங்காலம் கோவர்த்தனன் போன். ஏதோ பழைய மெயிலைப் பற்றிக் கேட்டார். பதில் சொன்னேன். அதற்குள் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

அந்த வாக்கியத்தை இன்றைக்கு இருபது தடவையாவது படித்திருப்பேன். நியாயமான காலம் என்றால் எத்தனை விநாடி, எத்தனை நிமிஷம்? கைவிடப்பட வேண்டும், சரி, கைவிடப்போவது யார்? சர்வரா, பெட்டியா, மாரியாத்தாளா? இதைப் போய் ஒரு விதி என்று அச்சடித்து, அட்டை போட்டு, பம்ப் படம் போட்டு விற்றிருக்கிறார்கள். எந்த மேதாவி எழுதியது?

வாய்விட்டே கத்திவிட்டேன் போல. இவர் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமல், "அந்தக் கமிட்டில எழுதறவ நீதானே?" என்றார்.

பதினொரு பேர் உட்கார்ந்து முடிவு பண்ணினது என்றேன். பதினொரு பேரும் ஒரே பேனாவைப் பிடித்தீர்களா என்று கேட்டார். மில்லில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்த மனுஷன், ஆளை மடக்குகிற புத்தி போகவில்லை. காயைப் பிடுங்கி நானே நறுக்கினேன். விரலில் வெட்டிக்கொண்டேன். சின்ன வெட்டுதான். அதற்குப் பிளாஸ்திரி ஒட்டும்போது வந்த எரிச்சலை எழுதினால் நோட்டு பத்தாது.

மார்ச் 12, புதன்

சரி. எழுதிவிடுகிறேன், பிரஷர் இறங்குகிறதா பார்ப்போம்.

எங்கள் கமிட்டியில் 'மெத்தை' என்று ஒன்று உண்டு. இரண்டு கம்பெனிகள் முட்டிக்கொண்டு, யாரும் இறங்கி வரவில்லை என்றால், நடுவில் மெத்தையான ஒரு சொல்லைப் போடுவது. 'தேவைக்கேற்ப', 'இயன்றவரை', 'உரிய முறையில்'. யார் விழுந்தாலும் அடிபடாது. இரண்டு பேரும் அவரவர் நினைத்ததே எழுதியிருப்பதாக வீட்டுக்குப் போவார்கள். "மேடம், ஒரு மெத்தை போடுங்க, சாப்பாட்டுக்குப் போலாம்" என்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். மெத்தை போடுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது என்று பெயர்.

பழைய கட்டளை விஷயத்தில் பெட்டிக்காரர்கள் முப்பது விநாடி என்றார்கள். சர்வர் கம்பெனி ஆறு மணி நேரத்துக்குக் குறைய மாட்டேன் என்றது. டவர் இல்லாத ஊரில் கட்டளை சேரவில்லை என்று விவசாயிகள் சண்டைக்கு வருவார்களாம். மூன்று நாள் சண்டை, ஓரியாட்டம். அடுத்த வாரம் கண்காட்சியில் விதிநூலை வெளியிட வேண்டும், அழைப்பிதழ் அடித்தாயிற்று. கோவர்த்தனன் என் பக்கம் குனிந்து, "மேடம், மானத்தக் காப்பாத்துங்க" என்றார்.

'நியாயமான காலம்' என்று போட்டேன். கைதட்டினார்கள். போண்டாவும் டீயும் வந்தது. கண்காட்சியில் பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ ஹாலில் இருக்கிறது.

ஆனால் அந்த வாக்கியத்தின் வரைவு எல்லாக் கம்பெனிக்கும் போனது. யாராவது ஒருவர் அப்போதே கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. மௌனமாக இருந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

மார்ச் 15, சனி

யாராவது எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்களா என்று பழைய மெயில் பெட்டியில் தேடினேன். ஒன்றும் இல்லை.

இட்லிக்கு ஊறப்போட்டு அரைத்தேன். கிரைண்டரின் சத்தத்தில் தலை வலித்தது. வாஷிங் மெஷின் ஆள் இன்றும் வரவில்லை.

மார்ச் 19, புதன்

அறிக்கை எழுதுவதென்றால் சம்பவ இடத்தைப் பார்க்க வேண்டாமா என்று இவர் நச்சரித்தார். ஸ்கூட்டரில் போனோம். தோட்டத்துக்குப் போகாமல் நேரே சென்னியப்பன் வீட்டுக்குப் போய் நிறுத்திவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை.

சென்னியப்பன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கை முழங்கை வரை கட்டு. சங்கத்திலிருந்து வருகிறோம் என்றதும் எழுந்து நிற்கப் பார்த்தார்.

"உக்காருங்க, உக்காருங்க. நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க?" என்று கத்திவிட்டேன். பாவம், பயந்துபோனார்.

"காப்பி குடிங்க. என்ற சம்சாரம் இப்ப வந்துருவா." பிறகு அவரே பேசினார். "பீஸ் கட்டைய ஏன் புடுங்கலீன்னு அல்லாரும் கேக்கறாங்க. கேட்டா என்னத்தச் சொல்றதுங்க? கரண்டு வருதா, வோல்ட்டேஜ் எத்தன நிக்குதுன்னு பாத்துட்டு, அப்படியே பெல்ட்டப் புடிச்சேன். ஸ்டார்ட்டர் ஆஃப்ல இருந்துச்சு. யாரும் பொத்தானத் தொடலீங்க. தோட்டத்துக்காரர் என்ற பக்கத்துலயே நின்னுட்டிருந்தார். ரெண்டு பேரு கண்ணு முன்னால ஆருமே தொடாம அது ஓடுச்சுங்க."

நான் குறிப்பெடுப்பது போல நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெட்டிக்கு எழுதுன புள்ள, ஜெசிந்தாங்களே, அது வந்துட்டுப் போச்சுங்க. இங்கதான் உக்காந்து அழுதுச்சு. எனக்கே சங்கடமாப் போயிருச்சு. அந்தப் புள்ளய உள்ள வெச்சுருவாங்களா?"

"விசாரணை நடக்குதுங்க" என்றேன்.

"நீங்க பெரியவங்க, பாத்துச் செய்யுங்க. எனக்குப் போன வெரல் போனதுதான்."

திரும்பும்போது ஸ்கூட்டரில் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று சிங்காநல்லூர் சிக்னலில் சண்டை போட்டேன். பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 22, சனி

அறிக்கையின் முதல் வரைவை அனுப்பினேன். பன்னிரண்டு பக்கம். பத்து நிமிஷத்தில் கோவர்த்தனன் போன். "பிரமாதம் மேடம். ஒருத்தர் மனசும் நோகல."

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது: களத்தில் நிகழும் பராமரிப்புப் பணிகளைக் கருத்தில் கொண்டு பெட்டியின் மென்பொருள் கூடுதல் கவனத்துடன் வடிவமைக்கப்பட்டிருக்கலாம். இதில் பொய் ஒன்றும் இல்லை. எந்த மென்பொருளையும் கூடுதல் கவனத்துடன் வடிவமைத்திருக்கலாம்தான். ஆனால் ஜெசிந்தாவின் முதலாளிக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். கடிதத்தை டைப் அடித்துத் தயாராக வைத்திருக்கிறாராம், கையெழுத்துக்குப் பத்தாம் தேதி வரை நேரமாம். இதைச் சொல்லும்போது கோவர்த்தனன் குரலில் என்ன ஒரு நிம்மதி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 27, வியாழன்

வாஷிங் மெஷின் ஆள் வந்தான், ஒருவழியாக. வந்ததும் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி என் கையில் கொடுத்தான். "நான் முடிக்கற வரைக்கும் நீங்களே புடிச்சுக்கங்கம்மா. தெரியாம யாராச்சும் போட்டுட்டா என்ற கை போயிரும்." முக்கால் மணி நேரம் அந்த வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் போன பிறகு என்ன காரணமென்று தெரியாமல் கதவை அறைந்து சாத்தினேன். காரணம் தெரியும்.

ஏப்ரல் 2, புதன்

பதினைந்தாம் தேதி எழுதினது பொய். சொந்த நோட்டில், யாரும் படிக்காத இடத்தில் பொய் எழுதியிருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயசு, த்தூ.

மெயில் இருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை, எந்த மாசம் என்பதுகூட எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன், வரைவு சுற்றுக்கு விட்ட இரண்டாவது நாள் வந்தது. அனுப்பியவர் ஜெசிந்தா. அப்போது வேறொரு பெட்டிக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். இங்கிலீஷில் இருப்பதை ஒரு சொல் விடாமல் தமிழில் இங்கே எழுதுகிறேன், இனிமேல் இல்லை என்று சொல்ல முடியாதபடிக்கு.

"பக்கம் 31. நியாயமான காலம் என்பது எத்தனை விநாடி? கைவிட வேண்டியது சர்வரா, பெட்டியா? எண் போடாவிட்டால் ஆளுக்கொரு விதமாகச் செய்வார்கள். ரிப்பேர் நடக்கிற நேரத்தில் பழைய கட்டளை வந்து சேர்ந்தால் மோட்டார் ஓடிவிடும். யாராவது கை வைத்திருந்தால் என்ன செய்வது?"

என் பதில்: "குறித்துக்கொண்டேன். நன்றி."

எங்கும் குறிக்கவில்லை. கமிட்டிக்குக் கொண்டுபோகவும் இல்லை. கொண்டுபோயிருந்தால் மறுபடி மூன்று நாள் சண்டை, கண்காட்சி தள்ளிப்போகும். புதிதாக வந்த ஒரு பெண், பதினொரு அனுபவஸ்தர்கள் முடித்துவைத்ததைக் கிளறுகிறாளே என்று எரிச்சல் பட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. கை என்ற சொல்லையே எழுதியிருந்தாள். கை!

ஏப்ரல் 5, சனி

இவரிடம் சொன்னேன். மெயிலைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் பதிலுக்குத் திட்டத் தயாராக இருந்தேன்.

"இத்தன நாளாத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப அந்த ஆளு ஊட்டுக்குப் போனப்பவும் தெரியும்" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனார். என்னோடு முப்பத்திரண்டு வருஷம் மல்லுக்கட்டின மனுஷன், இன்றைக்கு மல்லுக்கு வரவில்லை.

அறிக்கையைத் திருத்தி, மெயிலையும் என் பதிலையும் சேர்த்து அனுப்பினேன். ஒன்பதாம் பக்க வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் எழுதியது: எண் இல்லாமல் விட்டது தெரிந்தே. விட்டவள் நான்.

கோவர்த்தனன் நேரிலேயே வந்துவிட்டார், உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. "மேடம், என்னங்க இது? அந்த மெயிலெல்லாம் எதுக்குங்க இப்ப? நீங்க, நானு, சங்கம் அல்லாரும் கோர்ட்டு வாசல்ல நிக்கறதா? 'பொருள்கொள்வதில் சில இடைவெளிகள் இருந்திருக்கக்கூடும்'னு நாசூக்கா ஒரு மெத்தையப் போட்டு முடிச்சுருங்க. உங்களுக்கா தெரியாது?"

"எனக்குத் தெரியும், அதனாலதான் போட மாட்டேன். வெளிய போங்க" என்றேன்.

"அந்தப் புள்ளைக்காக உங்க பேரைக் கெடுத்துக்காதீங்க மேடம்."

பேர்! ஹாலில் மாட்டியிருந்த பொன்னாடைப் போட்டோவைக் காட்டி, அதையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்று கத்தினேன். எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது. திறக்கட்டும்.

ஏப்ரல் 9, புதன்

விசாரணை. சங்கத் தலைவர், இரண்டு வக்கீல்கள், சர்வர் கம்பெனி மேனேஜர், ஜெசிந்தா, அவளுடைய முதலாளி. கடைசி நாற்காலியில் சென்னியப்பன், பக்கத்தில் அவர் மனைவி. பேச்செல்லாம் இங்கிலீஷ். கை போனவருக்கு ஒரு எழுத்து புரியாத பாஷையில் கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் கையில் இருந்தது என் பழைய வரைவு. மார்ச் இருபத்திரண்டாம் தேதியது. கோவர்த்தனன் என் கண்ணைப் பார்க்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தார்கள். ஜெசிந்தாவின் முதலாளி கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

நான் எழுந்துவிட்டேன். "அது என் அறிக்கை இல்ல. நிறுத்துங்க." இப்படிச் சத்தமாகப் பேசியதற்குத் தலைவர் என்னை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கொண்டுபோயிருந்த நகல்களை ஆளுக்கொன்று கொடுத்தேன். மெயிலைப் படித்தேன், என் பதிலையும் படித்தேன். சர்வர் மேனேஜர் சிரிப்பை அடக்கினார். "நீங்களும் சிரிக்காதீங்க, ஒரு நாள் வச்சிருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியும், கேக்காம இருந்தது உங்களுக்கு வசதி" என்றேன். சிரிப்பு நின்றது.

வக்கீல்கள் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். அப்போது சென்னியப்பன் இடது கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல.

"ஏனுங்கம்மா, அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்குதுங்க? தமிழ்ல சொன்னீங்கன்னா பரவாயில்ல."

தமிழில் சொன்னேன். எத்தனை விநாடி என்று கேட்டது, யாராவது கை வைத்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டது, எல்லாம்.

"இத எழுதுனது அந்தப் புள்ளைங்களா?"

"ஆமாங்க."

"எப்ப எழுதுச்சுங்க?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி."

"நீங்க என்னங்க பதில் போட்டீங்க?"

"குறிச்சுக்கிட்டேன்னு போட்டேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குப் புரியாதவர் போலத்தான் கேட்டார். "அப்ப கை போகும்னு தெரிஞ்சுதான் உட்டீங்களா?"

கை போகும் என்று தெரியாது, போகலாம் என்று ஒருத்தி சொன்னாள், அதற்கு வாய்ப்புக் குறைவு என்று நினைத்தேன், நேரம் இல்லை, பதினொரு பேர் இருந்தோம். எல்லாம் வாய் வரை வந்தது. இதில் எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், எதுவுமே பொய் இல்லை.

"ஆமாங்க. தெரிஞ்சுதான் உட்டேன்" என்றேன்.

அவர் மனைவி எழுந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன், நகராமல் நின்றேன். என் மேஜையிலிருந்த மெயில் நகலை எடுத்து, நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

ஜெசிந்தா கையெழுத்துப் போடவில்லை. முதலாளி கடிதத்தைத் தானே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். விதிநூல் நிறுத்திவைப்பு. என் வாக்குமூலத்தைப் போலீஸ் தனியாக வாங்கும் என்று வக்கீல் சொன்னார். வாங்கட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ரைட்டர், "நியாயமான காலம்னு இருந்தா நல்லதுதானுங்களேம்மா, இதுல என்ன தப்பு?" என்று கேட்டார். விளக்கினேன். மூன்று தடவை விளக்கினேன், மூன்றாவது தடவை கத்தவில்லை.

மத்தியானம் ஜெசிந்தா போன்.

"மேடம், சங்கத்துலருந்து லெட்டர் வந்துருச்சு. என் பேர எடுத்துட்டாங்க."

"சந்தோஷம்மா."

"நன்றி சொல்றதுக்குக் கூப்பிடல. ஒண்ணு கேக்கணும். அந்த மெயிலப் பத்தி நான் மொத வாரமே கோவர்த்தனன் சார்ட்ட சொல்லிட்டேன். பழைய கம்பெனி மெயிலு, என்கிட்ட நகல் இல்ல, மேடம்கிட்ட இருக்கும், கேளுங்கன்னேன். அவரு கேட்டாராம். அப்படி ஒண்ணு வந்த ஞாபகமே இல்லைன்னு நீங்க சொன்னீங்களாம். நெஜமாவே ஞாபகம் இல்லையா மேடம்?"

"ஞாபகம் இருந்துச்சு" என்றேன்.

"கேட்ட அன்னைக்கேவா?"

"கேட்ட அன்னைக்கே."

"முப்பத்திமூணு நாள் மேடம். எங்கம்மா தெனமும் சர்ச்சுக்குப் போய், அந்த மேடத்துக்கு ஞாபகம் வரணும்னு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துச்சு. உங்க பேரச் சொல்லித்தான். சாந்தாமணி மேடத்துக்கு ஞாபக சக்தியக் குடு ஆண்டவரேன்னு." குரல் உடையவில்லை. "இத அவங்ககிட்டச் சொல்ல மாட்டேன். வச்சிடறேன்."

வைத்துவிட்டாள். திட்டியிருக்கலாம். நான் அவள் இடத்தில் இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. போனைச் சோபாவில் வீசினேன். யார் மேலாவது பாயலாம் என்று பார்த்தால் வீட்டில் இவர் ஒருவர்தான், உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"போன்ல யாரு?" என்றார்.

"ஜெசிந்தா. நான் பொய் சொல்லி மாட்டிவிட்ட பொண்ணு."

இவர் முறத்தைக் கீழே வைத்தார்.